பாதிப்பூசை கொண்டுபோன காணிக்கைப் பை

ஏற்காடு மலையில் சாமி கும்பிடுகிறவர்கள் ஏராளம். சாமி சொன்னதைக் கேட்டு அதை அப்படியே செய்து தொலைத்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான். அவர் பெயர் பாதிப்பூசை. ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் பங்குக் கோயில் ரிஜிஸ்தரில் எங்கேயாவது இருக்கும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட, "பாதிப்பூசை ஊடு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

நான் அப்போது நாகலூர் போகிற வழியில் ஒரு ரிசார்ட்டில் உதவி மேனேஜராக இருந்தேன். இருபத்திரண்டு ரூம், ஒரு ஊஞ்சல், 'காட்டு விலங்குகள் ஜாக்கிரதை' என்று ஒரு போர்டு. அங்கே பாதிப்பூசைக்குத் தண்ணீர் லைன் வேலை. மோட்டார், தொட்டி, குழாய், ஹீட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. ஒல்லியான மனிதர். மே மாதத்திலும் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, பின்பாக்கெட்டில் ஸ்பேனர். குழாயை மூடுவதற்கு முன் அதனிடம் ஏதோ உத்தரவு கேட்கிற மாதிரி இரண்டு நொடி நிற்பார்.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். மாரியம்மன் பண்டிகைக்குக் கூழ் குடித்து வளர்ந்தவன். எனக்குப் பூசையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். முதலில் ஜெபம், பிறகு பிரசங்கம். அதன்பிறகு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டுவார்கள். அதற்கப்புறம்தான் முக்கியமான பகுதி. கடைசியில் அப்பம் கொடுப்பார்கள், அதை நன்மை வாங்குவது என்பார்கள். நம்ம ஆள் வாரம் தவறாமல் காணிக்கைப் பை வரைக்கும் இருப்பார். பை பக்கத்தில் வந்ததும் எழுந்து வெளியே ஓடிவிடுவார்.

"ஏனுங்க இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காணிக்கை போடற நேரத்துல, ஒருத்தருக்கு நம்ம மேல வருத்தம் இருக்குதுன்னு ஞாபகம் வந்தா, மொதல்ல போயி ராசியாயிட்டு வா, அப்புறம் போடுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காருங்க சார்."

"பூசைக்கு முன்னாடியே ஞாபகப்படுத்திக்கிட்டா என்ன?"

"வர மாட்டேங்குதுங்க. சனிக்கிழமை பூரா உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டேன். பை கிட்ட வந்தாத்தான் வருது."

அந்த வார்த்தைகளைக் கேட்டவர்கள் கோயிலில் முந்நூறு பேராவது இருப்பார்கள். எழுந்து போனவர் இவர் மட்டும்தான். ஓட்டை மொபெட்டை உதைத்துக்கொண்டு போவார். யாருக்கு வருத்தமோ அவர் வீட்டு வாசலில் நிற்பார். மன்னிப்பு வாங்கிக்கொண்டு நன்மை கொடுப்பதற்குள் திரும்பிவிடுவார். சில நாள் திரும்பி வரும்போது கோயிலைப் பூட்டியிருப்பார்கள்.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், எதிராளிக்கு வருத்தம் இருக்கிறது என்பதே பெரும்பாலும் எதிராளிக்குத் தெரியாது. நாகலூரில் அவர் குடியிருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு லாரி டிரைவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது இவர் போய் நின்றார்.

"அண்ணா, மன்னிச்சிருங்க."

"எதுக்குப்பா?"

"உங்களப் பத்தி மனசுக்குள்ள தப்பா நெனச்சிட்டனுங்க."

"என்னன்னு நெனச்சே?"

"அது போகட்டுங்க. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கெளம்பிருவேன்."

"என்னன்னு தெரியாம எப்படிப்பா மன்னிக்கறது?"

நியாயமான கேள்வி. இவரும் சொல்லிவிட்டார். டிரைவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு வந்த சண்டையில் டிரைவருக்கு நிஜமாகவே வருத்தம் வந்துவிட்டது. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகவேண்டியதாயிற்று. அதற்கடுத்த ஞாயிறும். நாலாவது வாரம் டிரைவர் எட்டரை மணிக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு கறி வாங்கக் கிளம்பிவிட்டார்.

ரிசார்ட்டில் கைடு லீவு போட்டால் விருந்தாளிகளைக் காப்பித் தோட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போவதும் அவர்தான். அப்படி ஒருமுறை, முதலாளி சொல்லிக்கொடுத்தபடி, ஒரு சென்னைக் குடும்பத்திடம் "இங்க கரடி வருமுங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஞாயிறு. பை வந்தது, கரடியும் ஞாபகம் வந்தது. அதற்குள் அந்தக் குடும்பம் பஸ் ஏறிவிட்டது. மொபெட்டில் துரத்திப்போய்க் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை மறித்தார். "சார், இங்க கரடி கெடையாதுங்க, மன்னிச்சிருங்க" என்றார். அந்த வீட்டுச் சின்னப்பெண் 'ஓ'வென்று அழுதுவிட்டது. அன்று மாலையே எங்கள் ரிசார்ட்டுக்கு இன்டர்நெட்டில் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது: 'கரடி இருப்பதாகச் சொல்லி வரவழைத்துவிட்டு, இல்லை என்கிறார்கள்.' அதற்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதியவன் நான்.

ஒரே ஒரு வாரம் அவர் வெளியே போகவில்லை. பை வந்ததும் எழுந்தவர் நேராகப் பீடத்தைப் பார்த்து நடந்தார். "சாமி, பிரசங்கம் நீளம்னு மனசுல திட்டிட்டனுங்க" என்றார். பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியார் மைக்கை மூட மறந்துவிட்டார். "மன்னிச்சிட்டேன், போய் உக்காருங்க" என்று சொன்னது வெளியே தேங்காய் விற்கிறவருக்குக்கூடக் கேட்டது. "மெய்யாலுமேங்களா சாமி? மொகம் அப்படித் தெரியலைங்களே" என்று இவர் சொன்னதும் கேட்டது. அடுத்த வாரத்திலிருந்து பிரசங்கம் கால் மணி குறைந்தது என்று பங்கு மக்கள் இன்றுவரை நன்றியோடு சொல்வார்கள்.

அவர் மனைவி லூர்தம்மா ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தார். பதினோரு வருஷம் நாகலூரில் ஒற்றை அறையில், ஒன்பது வீட்டுக்கு ஒரு குழாய் என்று காலம் தள்ளிய பிறகு, ரிசார்ட்டில் அவர்களுக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சமையலறைக்குள்ளேயே குழாய். யாராவது வந்தால் லூர்தம்மா காப்பி கொடுப்பதற்கு முன் குழாயைத் திறந்து காட்டுவார். வேலை போனால் வீடும் போகும் என்பது எழுதாத சட்டம். அதனால் குடிவந்த அன்றே அவர் வீட்டுக்காரரிடம் என் முன்னால் வைத்துச் சொன்னார்: "ஏனுங்க, நீங்க ஆருகிட்ட வேணாலும் மன்னிப்புக் கேளுங்க. இந்த ஊட்ட உட்டு என்னெ எறக்கற மாதிரி மட்டும் எதையாச்சும் ஞாபகப்படுத்திக்காதீங்க."

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. சீசன் கூட்டத்துக்கு லாரித் தண்ணீர் பற்றவில்லை. முதலாளி சேலத்திலிருந்து வந்து சுற்றிப் பார்த்தார். ரிசார்ட்டுக்கு மேலே புறம்போக்கில் ஒரு ஊற்று உண்டு. அந்தத் தண்ணீர்தான் எங்கள் வேலியோரமாக ஓடி, கீழே இருக்கிற பதினெட்டு வீட்டு ஊருக்குப் போகும். சாமையும் கேழ்வரகும் கொஞ்சம் காப்பியுமாக அங்கேயே காலங்காலமாக இருக்கிற மலைக்காரர்கள். கீழூர் என்போம். முதலாளி ஊற்றைப் பார்த்தார், எங்கள் தொட்டியைப் பார்த்தார், "ஒரு கறுப்பு ஓஸ் போட்டா முடிஞ்சுது" என்றார். போட்டவர் பாதிப்பூசை.

மூன்றாம் நாள் கீழூர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு கேட்டுக்கு வந்தார்கள். அவர் ரிசப்ஷனுக்கு ஓடிவந்தார்.

"சார், ஊத்து ஏன் வரலைன்னு கேக்கறாங்க. என்னங்க சொல்லட்டும்?"

அப்போது நான் சொன்னதை இங்கே மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. "வெயிலுக்கு வத்திப்போச்சுன்னு சொல்லிடுங்க" என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு போய் அப்படியே சொன்னார். பெண்கள் வானத்தைத் திட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

லூர்தம்மாவுக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. அடுத்த பை இந்த வீட்டைக் காலி செய்துவிடும் என்று தெரிந்துகொண்டார். சனிக்கிழமையே சாமியாரிடம் போய், "எங்க ஊட்டுக்காரரு கோயிலுக்கு எதாச்சும் சேவை செய்யோணும்னு ஆசப்படறாருங்க, காணிக்கைப் பை எடுக்கற வேலையக் குடுங்க சாமி" என்று கேட்டு வாங்கிவிட்டார். கணக்கு எளிமையானது. பையை நீட்டுகிறவர் இவராகவே இருந்தால் இவரிடம் யாரும் பையை நீட்டப்போவதில்லை. பை வராவிட்டால் ஞாபகமும் வராது. நான் பார்த்த மேனேஜ்மென்ட் மூளைகளில் லூர்தம்மாவுக்குத்தான் முதலிடம்.

ஐந்து ஞாயிறு இது பலித்தது. ஐந்து வாரமும் அவர் பையை நீட்டினார், பூசை முழுக்க இருந்தார், ஊரே அதிசயப்பட்டது. ஆனால் மனிதர் சரியாக இல்லை. குழாய் மூடப் போனால் இரண்டு நொடிக்குப் பதில் இரண்டு நிமிஷம் நின்றார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஆறாவது ஞாயிறு முதலாளியும் கோயிலுக்கு வந்திருந்தார். முன்பெஞ்ச். அன்றைக்குக் கோயிலில் நடந்ததை லூர்தம்மா பின்னால் என்னிடம் சொன்னார். பை முன்பெஞ்சுக்கு வந்தது. முதலாளி காணிக்கை போட்டார். போட்டவர் சும்மா இருந்திருக்கலாம். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே இவர் காதில், "ஊத்துத் தண்ணி நிக்காம வருதில்ல?" என்று விசாரித்திருக்கிறார்.

பாதிப்பூசை அப்படியே நின்றார். பை அவர் கையில், பைக்கு எதிரில் அவர். "ஐயா, வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். பையை வைத்துவிட்டு ஓடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சிவப்பு வெல்வெட் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பங்கு முழுவதின் காணிக்கையோடு மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார். கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியார் "பை! பை!" என்று கேட் வரைக்கும் துரத்தினாராம். சாமியார் மட்டும் கலங்கவில்லை. "அவர் வருவாரு, நாம தொடருவோம்" என்றாராம்.

நான் ரிசப்ஷனில் இருந்தேன். கழுத்தில் சிவப்புப் பையும் கையில் ஸ்பேனருமாக ஒருவர் காற்றாக மேட்டுக்கு ஏறுவதைப் பார்த்து, கோயிலில் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் இன்டர்காம் அடித்தது. "சார், தலையில ஷாம்பு. தண்ணி வரல." அடுத்தது: "ஹலோ, கண்ணைத் தொறக்க முடியல, நான் எந்த ரூம்னு தெரியல, ஆனா தண்ணி வரல." ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, இருபத்திரண்டு ரூமும் நுரையில். கடைசியில் ஒருத்தர் இடுப்புத் துண்டோடு, உடம்பெல்லாம் சோப்போடு நேரில் இறங்கி வந்துவிட்டார். ரிட்டயர்டு ஜட்ஜ் என்று ரிஜிஸ்தரில் போட்டிருந்தது. என்னை விசாரிக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

முதலாளி போனில் கத்தினார்: "அவன்கிட்டருந்து பையை வாங்கு, ஓஸை மாட்டு!" ஊற்றடியில் ஓஸும் இல்லை, ஆளும் இல்லை. நான் கீழூருக்கு ஓடினேன்.

அங்கே சுருட்டிய கறுப்பு ஓஸ், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வாசலில் கிடந்தது. எதிரில் பாதிப்பூசை குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஊர்.

"ஊத்து வத்தலைங்க. நாந்தான் ஓஸ் போட்டு இழுத்தேன். வத்திப்போச்சுன்னு பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க. கொஞ்சம் வெரசா மன்னிச்சீங்கன்னா…"

"ஏனுங்க அவுசரம்?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பூசை பாதியில இருக்குதுங்க."

பழனியம்மா என்று ஒரு பெண் முன்னால் வந்தார். "நாப்பது நாளாப் பள்ளத்துக் கெணத்துலருந்து சொமந்து எங்க இடுப்பே போச்சு. அதுக்கு ஆரு பூசை பண்றது?"

இவர் வாழ்க்கையில் முதல்முறையாக, நிஜமாகவே நஷ்டப்பட்ட எதிராளிகளைச் சந்தித்தார். அவர்கள் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு குடம், பதினெட்டுக் குடம், அதே பள்ளத்துக் கிணற்றிலிருந்து. மன்னிக்கிற பேச்சு அதற்கப்புறம்.

"செரிங்க" என்றார்.

"அந்தப் பையக் கழட்டி வையப்பா, தடுக்கும்."

"அது ஆண்டவரோடதுங்க. எங்கயும் வெச்சிட்டுப் போக முடியாதுங்க."

முதல் குடத்தை அவர் தூக்கும்போது ஊர்க்கவுண்டர் கேட்டார்: "வத்திப்போச்சுன்னு சொல்லோணும்னு உனக்கு ஆரு சொல்லிக்குடுத்தது?"

நான் ஒரு பலாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை போதும். நான் அண்ணாந்து எத்தனை பலாக்காய் இருக்கிறது என்று பார்த்தேன். பாதிப்பூசை என் பக்கம் திரும்பவே இல்லை. "என்ற வாய்தானுங்க சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார்.

பதினாறு குடம் சுமந்தார். ஒவ்வொரு தடவை மேடேறும்போதும் வெல்வெட் பை குடத்தில் மோதிக் கிலுகிலுவென்றது. முதல் ஐந்து குடத்துக்குச் சிரித்த ஊர், பத்தாவது குடத்துக்குப் பேச்சை நிறுத்திவிட்டது. கடைசி இரண்டு குடத்தையும் பழனியம்மா கிணற்றடியிலேயே பிடுங்கிக்கொண்டார். "மன்னிச்சாச்சு, போ சாமி" என்றார். அதற்குள் மணி இரண்டு. பூசை எப்போதோ முடிந்திருந்தது; பையைப் பைசா குறையாமல் சாமியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஓஸை ஊர்க்கவுண்டர் தன் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டார். நான் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "நானும் அதே கோயிலுக்குத்தான் போறேன். நானெல்லாம் இப்படிப் பண்றனா?"

"நீங்க நன்மை வாங்கறதில்லைங்களே ஐயா" என்றார் பாதிப்பூசை. குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. ஆனால் வேலை அந்த நிமிஷமே போயிற்று.

மறுநாள் குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். சாமான்கள் ஒரு ஜீப்பில் ஏறியிருந்தன. லூர்தம்மா வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். தரை இன்னும் ஈரமாக இருந்தது. குழாயில்தான் சொட்டுத் தண்ணீர் இல்லையே என்று நான் விழித்ததைப் பார்த்து, "கீழூர்ப் பொம்பளைங்க ரெண்டு கொடம் கொண்டாந்து குடுத்தாங்க" என்றார். பிறகு வீட்டுக்காரரைக் காட்டி, "இந்த மனுசன்கிட்டப் பேசக்கூடாதுன்னு இருக்கறனுங்க. ஆனா அதையும் இவர்கிட்டயே வந்து சொல்ல வேண்டியதா இருக்குது" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. சாவியை வாங்கிக்கொண்டு 'தேங்க்ஸ்' என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அவர்கள் மறுபடி நாகலூர் ஒற்றை அறைக்கே போனார்கள். அவருக்கு எஸ்டேட்டில் நிழல்மரம் கழிக்கிற கூலி வேலை கிடைத்தது. எனக்கு வேலையும் இருந்தது, ரூமும் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை மொபெட் சத்தம் கேட்டது. ரிசப்ஷன் வாசலில் பாதிப்பூசை. மூச்சு வாங்கியது. கைகளில் மரம் கழித்த சிராய்ப்புகள்.

"சார், மன்னிச்சிருங்க."

"என்னையா? எதுக்குங்க?"

"அன்னைக்குப் பலாமரத்தடியில நீங்க பேசாம நின்னீங்களே, அதுக்காக ஒரு வாரமா மனசுக்குள்ள உங்கள நொம்பத் திட்டிட்டு இருந்தனுங்க. என்ன பண்றதுன்னு தெரியாம நின்னிருப்பீங்க. தப்புங்க என் மேல."

ஜட்ஜ் நுரையோடு திட்டியபோது வராத வெட்கம் அப்போது வந்தது. கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வெளியே வந்தேன்.

"நான்தாங்க உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றேன்.

அவர் கையைத் திருப்பி மணி பார்த்தார்.

"அப்பச் சீக்கிரம் கேளுங்க சார். நன்மை குடுக்க ஆரம்பிச்சிருவாங்க."

கேட்டேன். அவர் மொபெட்டை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, குல்லாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். என் மேல் கோபப்பட எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். ஆனால் என் மேல் கோபம் வைத்துக்கொண்டு சாமி முன்னால் நிற்க முடியாமல் திரும்பி வந்தவர் அவர் ஒருத்தர்தான்.